பெயர் இருக்கிறது, ஆள் இல்லை

சின்னச் சாதனங்களுக்கான லினக்ஸைக் கட்டித் தருகிற எங்கள் பில்ட் சிஸ்டத்தின் சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கினால் மேல் அடுக்கிலேயே ஒரு கோப்பு இருக்கும். எந்தப் பேக்கேஜை, அதாவது அந்த லினக்ஸில் சேர்க்கிற எந்த மென்பொருளை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்கிற பட்டியல். ஒரு வரியில் ஆளின் பெயரும் மின்னஞ்சலும், அதற்குக் கீழே அவர் பொறுப்பில் இருக்கும் பேக்கேஜ்கள். நாங்களாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. இதே வேலையைச் செய்கிற பெரிய திட்டமான பில்ட்ரூட்டில் 'டெவலப்பர்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு, அதைப் பார்த்து வைத்ததுதான். இதில் ஒரு வரிகூட நிரல் கிடையாது. இதை அழித்துவிட்டாலும் பில்ட் ஓடும், போர்டில் ஏற்றுகிற இமேஜ் வரும், போர்டு பூட் ஆகும். ஆனாலும் எங்களுக்குள் இதுவரை வந்த மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்பை வைத்து வந்தவைதான். எந்த சி லைப்ரரி, லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி வேண்டுமா வேண்டாமா என்று ஊரெல்லாம் அடித்துக்கொள்கிற விஷயங்களை நாங்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்திருக்கிறோம். ஒரு பெயரை எடுப்பதா, விடுவதா என்பதைத்தான் ரொம்ப நாள் முடிக்க முடியவில்லை.

அந்தப் பெயர் போச்சம்பள்ளிப் பக்கத்துத் தம்பி ஒருவருடையது. ஓசூரில் ஆட்டோமேஷன் வேலை பார்க்கும் சிலர், தர்மபுரியில் நான், கிருஷ்ணகிரியில் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அக்கா, வார இறுதியில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து போகிறவர்கள் என்று சேர்ந்த கூட்டம் எங்களுடையது. போர்வெல் மோட்டாரைப் போட, நிறுத்த, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க, மலிவான ஏஆர்எம் போர்டில் ஏற்றுகிற மாதிரி சின்ன லினக்ஸ் இமேஜ் வேண்டும் என்று ஆரம்பித்தோம். பில்ட்ரூட், யோக்டோ இரண்டும் இருக்கும்போது மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று கேட்டால், செய்து பார்க்க ஆசையாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பெரிய பதில் இல்லை. வெளிக் கருவிகளோடு பேச உதவும் சீரியல் போர்ட், மோட்பஸ் சம்பந்தப்பட்ட பேக்கேஜ்கள் எல்லாம் அந்தத் தம்பி போட்டவை. மற்றவர்கள் சோம்பல்பட்டு விடுகிற லைசென்ஸ் கோப்பின் ஹாஷைக்கூட (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) விடாமல் எழுதுவார். ஒரு மாங்காய் சீசனில் அவரிடமிருந்து பதில்கள் குறைந்தன. அடுத்த சீசனில் நின்றே போயின. பெயர் மட்டும் கோப்பில் அப்படியே இருந்தது.

மாடியறை எந்திரம்

யாரும் தொடாத நிரல் எப்படிக் கெடும் என்று இதில் இல்லாதவர்கள் கேட்பார்கள். நம் பேக்கேஜை நாம் தொடவில்லைதான், ஆனால் அதைச் சுற்றி இருக்கிறது எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல், பைத்தான் நிரல்களைக் கட்ட உதவிய டிஸ்ட்யுட்டில்ஸை எடுத்துவிட்டார்கள். பழைய செட்டப் கோப்பை நம்பி இருந்தவை படுத்தன. நிரலைக் கட்டும் கருவிகளில் ஒன்றான சிமேக்கின் 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பு, 3.5-க்கு முந்தைய பதிப்புகளோடு ஒத்துப்போவதை நிறுத்தியது; பத்து வருஷமாக யாரும் திறந்து பார்க்காத சிமேக் கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் முரண்டு பிடித்தன. பேக்கேஜ் ஒன்றைச் சேர்ப்பது ஒரு மாலை வேலை. அதைப் பிழைக்க வைத்திருப்பது வருஷக்கணக்கான வேலை. சேர்க்க வருகிற கூட்டம் பெரிது, பார்த்துக்கொள்ள நிற்கிற கூட்டம் சிறிது. தன்னார்வத் திட்டங்களின் கஷ்டம் முக்கால்வாசி இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒருங்கிணைப்பாளர் என்கிற பெயரில் நான் செய்வது இந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டுவதுதான். நிரல் எழுதுவது குறைவு, கடிதம் எழுதுவது அதிகம். இந்தப் பேட்ச்சை (திருத்தத்தை) நீங்கள் பார்க்கிறீர்களா, அந்தப் பதிப்பை ஏற்றலாமா, இதற்கு மேல் இந்த ரிலீஸுக்குள் எதையும் சேர்க்க வேண்டாம். பில்ட்ரூட்டில் 2009-இலிருந்து பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ் தவறாமல் வருகிறது. முதல் இரண்டு மாதம் புதியவை, கடைசி மாதம் பழுது பார்ப்பது மட்டும். அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு ரிலீஸ். தைப்பொங்கல் கழிந்து ஒன்று, ஆடிப்பெருக்கு கழிந்து ஒன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாந்தோப்பிலோ, மண்டியிலோ, கூழ் ஆலைக்குப் போகிற லோடு வண்டிக்குப் பின்னாலோ இருப்பார்கள். அந்த நேரத்தில் பேட்ச் ரிவியூ பண்ணுங்கள் என்று கேட்க எனக்கே வாய் வராது.

ஆட்டோபில்டர் ஒன்றும் வைத்திருக்கிறோம். இதுவும் பில்ட்ரூட்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பேக்கேஜ்களைக் கண்டபடி கலந்து ஏதோ ஒரு கான்ஃபிகரேஷனைத் தானாகவே உருவாக்கி, அதைக் கட்டிப் பார்க்கும். மனிதர்கள் யாரும் இப்படி ஒரு சேர்க்கையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று தோன்றுகிற கலவையில்தான் உண்மையான பிழை அகப்படும். எங்களுக்கு அது தர்மபுரியில் என் வீட்டு மாடியறையில் ஓடுகிற ஒரு பழைய டெஸ்க்டாப். ராத்திரி முழுக்க இரைந்துகொண்டே கட்டும். காலையில், உடைந்த பேக்கேஜ்களுக்கு நேராக எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த ஆளுக்குத் தானாக ஒரு மெயில் போகும். 'உங்கள் பொறுப்பில் உள்ள பின்வரும் பேக்கேஜ்கள் கட்டப்படவில்லை' என்று தலைப்பு. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்கிறது என்று அப்போது திருப்தியாகக்கூட இருந்தது.

ஒரு வரி பேட்ச்

2024 மே மாதம், சி நிரலை எந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசியின் 14-ஆம் பதிப்பு வந்தது. அதுவரைக்கும் ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே கூப்பிட்டால் கம்பைலர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். 14-இலிருந்து அது எரர். 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்' என்று சிவப்பில் எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடும். சி மொழியில் இந்தச் சலுகையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். கம்பைலர்தான் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டிருந்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் சின்னச் சின்னப் பழைய கருவிகள் வரிசையாக விழுந்தன. விழுந்தவற்றில் கணிசமானவை போச்சம்பள்ளித் தம்பியின் பெயரில் இருந்தவை, ஏனென்றால் சீரியல் போர்ட் கருவிகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் இருபது வருஷத்துக்கு முன்னால் தன் மேஜைக்காக எழுதி, அப்படியே விட்டுப் போனவை.

அதில் ஒன்றுக்கு, இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த பெண் ஒருவர் பேட்ச் அனுப்பினார். எஸ்டிஆர்லென் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதை அறிவிக்கும் ஸ்ட்ரிங் டாட் எச் ஹெடரை இன்க்ளூட் பண்ணவில்லை. ஹெடரைச் சேர்த்தால் முடிந்தது. ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரிக்கு அவர் எழுதியிருந்த கமிட் குறிப்பை, அதாவது மாற்றத்தோடு சேரும் விளக்கத்தை, பார்க்க வேண்டும். எந்த ஜிசிசியிலிருந்து உடைகிறது, எரர் என்ன, மூலத் திட்டத்துக்கும் இதை அனுப்பியாயிற்று என்பதற்கு 'அப்ஸ்ட்ரீம்' என்று தனி வரி, கடைசியில் 'சைன்டு ஆஃப் பை' என்று தன் ஒப்பம். முதல் பேட்ச்சிலேயே இத்தனையும் சரியாகச் செய்கிறவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ரிவியூவில் ஒருவர், 'நன்றாக இருக்கிறது, இந்தப் பேக்கேஜின் பொறுப்பாளர் ஒரு வார்த்தை சொல்லட்டும்' என்று எழுதினார். எங்கள் வழக்கப்படி அது சரிதான். பொறுப்பாளருக்கும் நகல் போனது. பதில் இல்லை. அந்தப் பெண் பதினைந்து நாள் கழித்து ஒருமுறை பணிவாகக் கேட்டார். அப்புறம் பரீட்சை வந்தது. அடுத்து அவர் அனுப்பிய பேட்ச் வேறொரு திட்டத்துக்குப் போனது என்று பிற்பாடு பார்த்தேன். நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் பெயரை எடுக்கிற பேச்சு வலுத்தது. ஓசூர் ஆட்கள் நேராகச் சொன்னார்கள்: ஆள் இல்லை, பெயரை எடு. கிருஷ்ணகிரி அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பையன் போட்ட அஸ்திவாரத்துல நின்னுக்கிட்டு அவன் பேரையே எடுக்கறதா தம்பி? நாளைக்கே திரும்பி வந்து பாத்தான்னா என்ன நெனப்பான்? நம்மளத் தொரத்திட்டாங்கன்னுதான் நெனப்பான்." இந்த வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. சம்பளம் கொடுத்தால் வேலையிலிருந்து எடுக்கலாம். நன்றி மட்டுமே கொடுத்து வந்த ஒருவரை எதிலிருந்து எடுப்பது? ஓசூர்க்காரர் ஒருவர் இதற்குச் சொன்ன பதில்தான் இப்போதும் எங்கள் கூட்டத்தில் சிரிப்போடு சுற்றுகிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்கள் வைத்திருக்கிறார்களே, மாடு மீட்கப் போய் இறந்தவர்களுக்கு வட்டெழுத்தில் பெயர் வெட்டி நட்டவை, அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கல்லு நட்டுக் கும்பிடுங்க, யாரு வேணாம்னாங்க? அந்தக் கல்லையே இன்னைக்கு மாடு மேய்க்க அனுப்பாதீங்க."

வெளியே மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். லினக்ஸ் கெர்னலில் 'மெயின்டெயினர்ஸ்' கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் நிலை எழுதியிருக்கும்: சம்பளத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள், எப்போதாவது பார்க்கிறார்கள், அநாதை. அநாதை என்று எழுத அவர்கள் கூச்சப்படுவதில்லை. விலகியவர்களைக் குறித்து வைக்க 'கிரெடிட்ஸ்' என்று வேறு கோப்பு இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் ஒரு படி மேலே: ஆள் இருக்கும்போதே 'இதை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா' என்று விளம்பரம் போட முறையான வழி உண்டு, காணாமல் போனவர்களைத் தேடிக் கேட்க ஒரு குழுவே உண்டு, யாரும் எடுக்காத பேக்கேஜ் தரக் குழுவின் பெயருக்கு மாறிவிடும். ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி கதை இன்னும் கசப்பானது. 2016 மே மாதம் அதன் டெவலப்பர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய் லீடி என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். வேலை செய்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், புதியவர்களைச் சேர்க்க ஒழுங்கான முறை இல்லை, முக்கியமான சர்வர்கள் ஒருவர் இருவர் கையில் சிக்கியிருக்கின்றன என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில. 2018 ஜனவரியில்தான் இரண்டும் மறுபடி ஒன்றாயின. லீடி வகுத்த விதிகளில் ஒன்று என்னை நிறுத்திப் படிக்க வைத்தது: கமிட் உரிமை, அதாவது மாற்றங்களை நேரடியாக ஏற்றும் உரிமை, உள்ள ஒருவரைத் தொடர்ந்து மூன்று மாதம் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் அந்த உரிமையும் வாக்குரிமையும் போய்விடும். இருக்கிறவர்களைக் கொண்டு பெரும்பான்மை எண்ண முடிய வேண்டும் என்பதற்காக. காரணத்தில் கோபமே இல்லை, வெறும் கணக்கு.

இதையெல்லாம் அக்காவுக்கு அனுப்பினேன். "அவங்கெல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காதவங்க. நாம ஒரே பஸ்ஸுல போறவங்க" என்று எழுதினார். அதுவும் உண்மை.

போச்சம்பள்ளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு போச்சம்பள்ளி சந்தைக்குப் போக வேண்டி வந்தது. ஆடு வாங்கப் போனோம். மாமாவுக்குப் பேரம் பேச ஆரம்பித்தால் உலகம் மறந்துவிடும், ஆகவே எனக்கு வேலை இல்லை. தம்பிக்கு போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் செய்தேன், எடுத்துவிட்டார். வேலையாக இருப்பதுபோல் ஒரு நொடி தயங்கிவிட்டு, "அங்கயே இருங்கண்ணா, வர்றேன்" என்றார். வண்டியில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், குத்தகைத் தோப்புகளைக் கணக்குப் பார்ப்பது, மருந்து அடிப்பது, ஆலைக்கு லோடு அனுப்புவது எல்லாம் அவர் தலையில் விழுந்திருக்கிறது. இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. டீ வந்தது. பேக்கேஜ் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

அவரே போனை எடுத்து மெயிலைத் திறந்து என்னிடம் காட்டினார். 'பில்ட்' என்று தனியாக ஒரு ஃபோல்டர். படிக்காத மெயில்களின் எண்ணிக்கை மூன்று இலக்கத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: உங்கள் பொறுப்பில் உள்ள பின்வரும் பேக்கேஜ்கள் கட்டப்படவில்லை. நான் எழுதிய வாசகம், தேதி மட்டும் மாறி மாறி, கட்டைவிரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது.

"மொதல்ல இன்பாக்ஸ்லயே வந்துட்டிருந்துச்சுண்ணா. காலையில எந்திரிச்ச ஒடனே இதான். அதான் ஃபில்டர் போட்டு இங்க தள்ளிட்டேன். இப்ப இந்த ஃபோல்டரத் தொறக்கவே பயமா இருக்கு."

"முடியலன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமேப்பா."

"எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஒரு மாசம் பதில் சொல்லாம இருந்தப்ப எழுதியிருந்தா சுலபம். ஆறு மாசம் கழிச்சு எழுதுனா, மொதல்ல இத்தன நாள் ஏன் பேசலன்னு சொல்லணும். அப்பா விஷயம் சொல்லணும். அத எழுதி அடிச்சு, எழுதி அடிச்சு, விட்டுட்டேன். என் பேர எடுத்துடுங்கண்ணா. எடுப்பீங்க எடுப்பீங்கன்னு நானும் அப்பப்ப ரெப்போவப் போய்ப் பாத்துட்டுதான் இருக்கேன்."

அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அவர் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் வைத்திருந்த பெயரை, எப்போது எடுப்பார்கள் என்று அவர் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். அக்காவின் வாதமும் ஓசூர்க்காரர்களின் வாதமும் எதைப் பற்றியவை என்று நினைத்துப் பார்த்தால், இரண்டுமே எங்களைப் பற்றியவை. எங்கள் மரியாதை, எங்கள் தாமதம். போனவருடைய பக்கத்திலிருந்து யாரும் யோசிக்கவில்லை. வேலையை விடுவது என்றால் கடிதம் எழுத வேண்டும், கடிதத்தில் காரணம் இருக்க வேண்டும், மௌனமாக இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் அந்தக் காரணத்தின் கனம் கூட வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். சொல்லிவிட்டுப் போவதைத்தான் இந்த ஏற்பாடு கஷ்டமாக்கி வைத்திருக்கிறது.

மாமா ஆட்டோடு வந்துவிட்டார். தம்பி ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விலை கொஞ்சம் ஜாஸ்தி என்றார். மாமாவுக்கு அந்த வாரம் முழுக்க அவர்மேல் கோபம்.

தொடர்கிறேன்

அன்றைக்கு ராத்திரியே அவர் பெயரை எடுத்தேன். கமிட் குறிப்பில் 'அவருடைய விருப்பப்படி' என்று மட்டும் எழுதினேன். பிறகு அக்காவுக்கு போன் செய்து ஃபோல்டர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மெயில நிறுத்திட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அதிலிருந்து முறையைத் திருப்பிப் போட்டோம். விலகுகிறவர் எழுத வேண்டியதில்லை, இருக்கிறவர் எழுத வேண்டும். ஒவ்வொரு ரிலீஸ் முடிந்ததும் பட்டியலில் உள்ள எல்லாருக்கும், என்னையும் சேர்த்து, ஒரு கடிதம் போகும். உங்கள் பேக்கேஜ்கள் இவை. தொடர்வதாக இருந்தால் 'தொடர்கிறேன்' என்று பதில் போடுங்கள், வேண்டாதவற்றை அடித்துவிடுங்கள். பதில் வராவிட்டால் பெயர் நன்றிக் கோப்புக்கு மாறிவிடும். காரணம் கேட்க மாட்டோம். எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி எழுதித் திரும்பி வரலாம், அதற்கும் காரணம் கேட்க மாட்டோம். ஆட்டோபில்டர் மெயிலும் தொடர்ந்து ஒரு மாதம் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் தனியாளுக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பொதுப் பட்டியலுக்குப் போகும். அந்த வாசகத்தையும் மாற்றினேன். 'உங்கள் பொறுப்பில்' என்பது இப்போது இல்லை, எந்தப் பேக்கேஜ், எந்த எரர் என்பதுதான் தலைப்பு. வேலை செய்துகொண்டிருக்கிறவர்களிடமே போய் இருக்கிறீர்களா என்று கேட்பது அவமதிப்பு என்று அக்கா முதலில் சொன்னார். முதல் சுற்றில் தன் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு 'மீதியைத் தொடர்கிறேன்' என்று பதில் போட்டவர் அவர்தான். அத்தனை நாளாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அந்தப் பாதியையும் இழுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

முதல் சுற்று முடிந்தபோது கோப்பு பாதியாக இளைத்திருந்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இளைத்தது கோப்புதான், வேலை செய்கிற ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆளில்லாத பேக்கேஜ்களில் கட்டப்படாமல் உடைந்து கிடந்தவற்றை ஒரு ரிலீஸ் காத்திருந்து நீக்கினோம். இதில் பில்ட்ரூட்டின் ஒரு பழக்கம் கைகொடுத்தது. நீக்கிய விருப்பங்களைச் சுவடில்லாமல் அழிக்காமல் 'லெகசி' என்று ஒரு பட்டியலில் வைத்திருப்பார்கள். பழைய கான்ஃபிகரேஷனில் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், இது போய்விட்டது, காரணம் இது என்று நிறுத்திச் சொல்லும். அப்படி ஒரு நிறுத்தத்தில் முட்டிக்கொண்ட ஊத்தங்கரைக்காரர் ஒருவர் கோபமாக எழுதினார். பால் குளிரூட்டும் தொட்டி ஒன்றின் வெப்பநிலையை அந்தப் பேக்கேஜை வைத்துத்தான் பார்க்கிறாராம். இத்தனை வருஷமாக அதை ஒருவர் பயன்படுத்துகிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேக்கேஜுக்கு நேராக இப்போது அவர் பெயர் இருக்கிறது. பெயர் நிரம்பியிருந்த காலத்தில் அவர் எழுதியிருக்கவே மாட்டார், யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதானே எல்லாரும் நினைப்போம்.

இந்த முறையில் எனக்கு ஒரு பயமும் உண்டு, அதை மறைக்கவில்லை. எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கும். கோப்புகளைச் சுருக்கும் அந்த லைப்ரரியை லாசி காலின் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்திருந்தார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். 2022-இல் யார் யாரோ வந்து, ரிலீஸ் ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். உதவிக்கு ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, ஒழுங்காகப் பேட்ச் அனுப்பிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் இருந்தது. தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29-ஆம் தேதி அதை வெளியே சொன்னார். பில்ட் சிஸ்டம் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் இதில் இன்னொன்று: அந்தப் பின்வாசலைத் தூண்டிவிடும் துண்டு எல்லாரும் பார்க்கிற கிட் களஞ்சியத்தில் இல்லை, ரிலீஸுக்கெனக் கட்டி வெளியிடும் டார்பால் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தது. நாங்கள் எல்லாரும் டார்பாலைத்தான் இறக்குகிறோம், ஹாஷ் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுகிறோம். ஹாஷ் அழகாக ஒத்துப்போயிருக்கும். அனுப்பிய கோப்பும் வந்த கோப்பும் ஒன்று என்பதைத்தான் அது சொல்லும், அனுப்பியவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, ஆளில்லை என்று பலகை மாட்டினால் நல்லவர்கள்தான் வருவார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் நாற்காலி காலியாக இருக்கவில்லை. களைத்துப்போன ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போக வழியில்லாமல். நெருக்கியவர்களுக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. காலி என்று எழுதியிருந்தால், அந்த லைப்ரரியை நம்பியிருந்த பெரிய பெரிய திட்டங்களில் யாராவது ஒருவர் அதைக் கண்டு முன்கூட்டியே பதறியிருக்கலாம். இது என் ஊகம்தான். அக்கா இதை ஒப்புக்கொள்வதில்லை. புது ஆள் கையில் பேக்கேஜைக் கொடுக்கும்முன் ஒரு வருஷமாவது அவர் பேட்ச்களை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார். ஜியா டான் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாரே என்றேன். "அதுக்காகக் கதவத் தொறந்தா போடுவாங்க?" என்றார். விதி இருக்கிறது.

போச்சம்பள்ளித் தம்பி நன்றிக் கோப்பில் இருக்கிறார். அந்த ஒரு வரி பேட்ச்சை, அனுப்பிய பெண்ணின் பெயரிலேயே, அவர் போட்ட சைன்டு ஆஃப் அப்படியே இருக்க, ஏற்றியாயிற்று. இப்போது தலைக்கு மேல் இருப்பது ஜிசிசி 15. 2025 ஏப்ரலில் வந்தது; சி மொழியின் புதிய வடிவமான சி23-ஐ இயல்பாக எடுத்துக்கொள்கிறது. வெற்று அடைப்புக்குறி போட்டு அறிவித்த ஃபங்ஷனுக்கு இனி ஆர்கியுமெண்ட்டே கிடையாது என்று அர்த்தம், 'பூல்' என்பது மொழிக்கே சொந்தமான கீவேர்ட் ஆகிவிட்டது. பழைய கருவிகளில் பாதி, தாங்களே 'பூல்' என்று ஒன்றை டைப்டெஃப் செய்து வைத்திருக்கின்றன. கம்பைலர் முதலானவை அடங்கிய டூல்செயின் வரியில் இப்போதைக்கு என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, போன சுற்றில் 'தொடர்கிறேன்' என்று நானும் எழுதிவிட்டேன். அடுத்த தை வரைக்கும் எழுதுவேன், அதற்கு மேல் நிச்சயம் இல்லை. உடைந்த பேக்கேஜ்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது சி தெரியும், சனிக்கிழமை காலை ஓய்வு உண்டு என்றால் சொல்லுங்கள். மாடியறை எந்திரத்தில் ஓர் அக்கவுண்ட் போட்டுத் தருகிறேன்.